டைனமோ வெளிச்சத்தில் அப்புவின் குடல்

அப்பு அறைந்த அறையில் என் இடது காது பின்னேரம் வரை இரைந்துகொண்டிருந்தது.

அப்பு என்று நான் சொல்வது என் தகப்பனை. நான் பிறந்தபோதே அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அம்மாவுக்கும் பிந்தித்தான் கலியாணம். நான் ஒரே பிள்ளை. அவர்கள் இரண்டு பேருக்கும் கைநாட்டுத்தான். எங்கள் பரம்பரையிலேயே உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்தி. அதுவும் விஞ்ஞானம். தொண்ணூற்றிரண்டில் மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு ரியூசன் கொட்டிலில் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மின்னோட்டத்தை விளங்கப்படுத்தத் தெரிந்தவளுக்கு, ஒரு கிழவரின் சாரம் ஏன் விடியமுன் கொடியில் ஈரமாகத் தொங்குகிறது என்பது விளங்காமல் போகுமா?

தன் வாழ்நாளில் ஒரு துவாயைக்கூடத் தோய்த்திராத மனிதர் அவர். திடீரென்று தன் சாரத்தைத் தானே கிணற்றடியில் கல்லில் அடித்துத் தோய்க்கத் தொடங்கினார். சில கிழமை பேசாமல் பார்த்திருந்தேன். ஒருநாள் வாழைக்குப் போகிற வாய்க்கால் தண்ணீர் சிவந்து ஓடியது.

"அப்பு, உதென்ன சிவப்பு?"

"வெத்திலைத் துப்பல்."

"வெத்திலையை நீங்கள் வாயாலைதானே போடுறனீங்கள்? சாரத்திலை எப்பிடி வந்தது?"

அதற்குத்தான் அறை. குசினி வாசலில் நின்ற அம்மா என் பக்கம் வரவில்லை. "பொம்பிளைப்பிள்ளை தேப்பனிட்டைக் கேக்கிற கேள்வியோடி உது? படிச்ச திமிர்!" என்று அங்கிருந்தே கத்தினார்.

அப்பு தானாகவே பரியாரியாரிடம் போனார். மூலச்சூடு என்று பரியாரியார் நாடி பிடித்துச் சொல்லி, கருணைக்கிழங்கு தின்னச் சொன்னார். அப்பு நாக்குத் தடிக்கும் வரை தின்றார். இரத்தம் நிற்கவில்லை. அந்த வருடம் மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் இறைப்பு மெசின் கொட்டிலில் கிடந்தது. பழையபடி கிணற்றுத் துலாவால்தான் வெங்காயத்துக்கு இறைப்பு. ஒருநாள் காலமை துலாக்கயிற்றைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். தூக்கும்போது அவர் உதடு சாம்பல் நிறமாக இருந்தது. என்னைத் திட்டுவதற்குக்கூட மூச்சுக் காணவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஊர் டிஸ்பென்சரியில் அப்போத்திக்கரி கையுறை போட்டு விரலால் பார்க்கப் போனார். அப்பு குதிக்காலால் அவர் நெஞ்சில் உதைத்தார். மருந்துப் போத்தல்கள் சரிந்து உடைந்தன. அப்போத்திக்கரி நிலத்திலிருந்து மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மூலமெண்டால் என்ரை விரலுக்குத் தெரியும் பிள்ளை. இது மேலையிருந்து வருது. மானிப்பாய்ப் பக்கம் ஆஸ்பத்திரியிலை சேர்ஜன் ஒருத்தர் இருக்கிறார். துண்டு தாறன், கொண்டு போ. இவரை இன்னொருக்கா இஞ்சை கொண்டு வராதை."

அவர் எழுதிய துண்டின் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. கவனித்தேன், சொல்லவில்லை.

அப்புவைச் சைக்கிள் கரியரில் ஏற்றி மானிப்பாய் ரோட்டால் உழக்கினேன். ஆஸ்பத்திரி விறாந்தையில் ஷெல் காயக்காரர் வரிசையாகப் பாயில் கிடந்தார்கள். ஒரு பெடியனின் கால் இருந்த இடத்தில் சாக்குச் சுற்றியிருந்தது. டொக்டரின் செருப்பில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவர் துண்டை வாசித்தார், அப்புவின் வயிற்றை அமத்திப் பார்த்தார், பிறகு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ படிச்ச பிள்ளை, நேரை சொல்லுறன். குடலிலை ஒரு கட்டியா இருக்கலாம். அது எங்கை இருக்கெண்டு பாக்கோணும். என்னட்டை இருக்கிறது நேரான இரும்புக் குழாய். ஒரு முழத்துக்கும் கட்டை. அந்தத் தூரத்துக்கை கட்டி தெரிஞ்சால் இஞ்சையே வெட்டி எடுப்பன். தெரியாட்டில், வளைஞ்சு உள்ளுக்குப் போற நீளக் குழாய் கொழும்பிலைதான் இருக்கு."

"பாக்காமல் வெட்ட ஏலாதோ டொக்டர்?"

"தேடித்தேடி வெட்ட என்னட்டை இரத்தமும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. இருக்கிறது ஒரு வெட்டுக்குத்தான் காணும்."

"கொழும்புக்கு அனுப்பினால்?"

அவர் விறாந்தையைக் காட்டினார். "அந்தக் கரையிலை கிடக்கிற ரெண்டு பேரும் கிளாலியாலை வள்ளத்திலை போனவை. நேவி சுட்டது. இந்த வயசிலை உன்ரை அப்புவை வருத்தம் கொல்ல முந்திப் பாதை கொன்றுபோடும்."

டொக்டருக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. எண்பத்துமூன்றில் அப்பு புகையிலைச் சிப்பங்களோடு கொழும்புக்குப் போனார். அந்த ஆடி மாதத்தில் அவர் நின்ற கடையை எரித்தார்கள். கடைக்காரரைத் தெருவில் இழுத்துப்போட்டு அடிக்கும்போது அப்பு மலக்குழிக்குள் இறங்கி நின்று தப்பினார். கப்பலில் ஏறி வந்தபோது தலை உடைந்திருந்தது. சாரத்தில் இன்னும் மலம் நாறியது. கப்பலால் இறங்கின கையோடு, பாடையிலைகூட இனி அந்த ஊருக்குப் போகமாட்டன் என்று சொன்னவர். சொன்னால் சொன்னதுதான். அந்தக் கட்டைக் குழாயில் கட்டி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் என் தகப்பன் சாவார். அவ்வளவுதான்.

"எப்ப பாப்பியள் டொக்டர்?"

"அங்கைதான் பிரச்சினை. குழாயின்ரை நுனியிலை ஒரு சின்ன பல்ப் இருக்கு. பற்றறியிலை எரியிறது. ஆமிக்காரங்கள் பற்றறியை யாழ்ப்பாணத்துக்குள்ளை வர விடுறாங்களில்லை. ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் தியேட்டருக்கு மட்டும்தான்."

"என்ரை சைக்கிள்லை டைனமோ இருக்கு," என்றேன்.

ஊரெல்லாம் டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது. அவருக்கும் அது தெரியும். "கூட உழக்கினால் பல்ப் எரிஞ்சுபோகும் பிள்ளை. கடைசி பல்ப் இது."

சைக்கிளின் முன் லைற்றையும் அந்தச் சின்ன பல்பையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் மின்னழுத்தம் இரண்டுக்கும் பிரியும் என்றேன். முன் லைற் என் கண்ணுக்கு முன்னால் இருக்கும். அது மங்கல் சிவப்பாக எரிகிற அளவுக்கு உழக்கினால் சின்ன பல்ப் பிழைக்கும். அது வெளிறினால் வேகத்தைக் குறைப்பேன். டொக்டர் தன் கடதாசியின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பார்த்தார். பிறகு, "எங்கை படிச்சனி?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னபோது என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது.

குழாய் விடுகிறதுக்கு முதல் நாள் கஞ்சித்தண்ணி, பால் விடாத தேத்தண்ணி மட்டும். பின்னேரம் ஆமணக்கெண்ணெய். காலமை வெறும் வயிற்றோடு வர வேண்டும். இதை நான் வீட்டில் இரண்டு தரம் சொன்னேன். ஆமணக்கெண்ணெயை என் கையாலேயே கொடுத்தேன். அப்பு கோப்பையை என் மேல் எறிந்தார், ஆனால் குடித்துவிட்டுத்தான் எறிந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஏறியிருந்தேன். மேசையில் அப்பு முழங்காலையும் முழங்கையையும் ஊன்றிக் குனிந்திருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சீலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் விமானங்கள் ஆகாயத்திலிருந்து மலம் நிரப்பிய பீப்பாய்களைப் போட்டதாகச் சனம் கதைத்த காலம்.

"அங்காலை அவன் பிளேனிலை பீப்பாய் பீப்பாயாப் பீயைக் கொண்டுவந்து கொட்டுறான்," என்று அப்பு சீலைக்குப் பின்னால் உறுமினார். "இஞ்சாலை நீங்கள் லைற் பிடிச்சு என்ரையைத் தேடுறியள்!"

உழக்கினேன். லைற் சிவந்தது. கொஞ்ச நேரத்தில் டொக்டர், "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார். கோபத்தில் குழாயைத் தட்டத்தில் எறிந்த சத்தம் கேட்டது.

"என்ன தின்னக் குடுத்தனீங்கள்? உள்ளுக்கை ஒரு பனங்காணியெல்லோ நிக்குது! முழுக்க நார்!"

தாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் குற்றம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போனேன். அடுப்புக்குப் பின்னால் கூழ்ச்சட்டி இருந்தது. ஒடியல்கூழ். பனங்கிழங்கை வெயிலில் காயவைத்து இடித்த மா, முழுக்க நார். அடியில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"ஆர் குடுத்தது?"

"நான்தான்டி குடுத்தன். விடியப்புறம் எழுப்பிக் குடுத்தன். வெட்டு என்னை."

"வெறுவயித்தோடை வரச் சொன்னவரெல்லோ!"

"ரோட்டிலை ஷெல் விழுந்தால் உன்ரை டொக்குத்தர் வந்து சோறு தீத்துவாரோ? என்ரை தம்பி போனமாதிரி இந்த மனிசனும் போகோணுமோ?"

அம்மாவின் தம்பியை, என் மாமாவை, எண்பத்தேழில் தோட்டத்தில் வைத்து ஹெலியிலிருந்து சுட்டார்கள். காலமை தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இறைப்புக்குப் போனவர். வயிறு கிழிந்து கிடந்த உடம்பைத் தூக்கி வந்தபோது, அம்மா அந்தக் கிழிசலைப் பார்த்து, "ஒண்டுமில்லையே, உள்ளுக்கை ஒண்டுமில்லையே, பசியோடை போட்டானே" என்று தலையில் அடித்துக் குழறினார். அதற்குப் பிறகு எங்கள் படலையை ஒருவரும் வெறும் வயிற்றோடு தாண்டியதில்லை. ரியூசனுக்குப் போகும் எனக்கும் ஒரு கவளமாவது தீத்திவிட்டுத்தான் விடுவார். எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் அப்படித்தான். சாவு எந்தச் சந்தியில் நிற்கிறது என்று தெரியாத ஊரில், பசியோடு சாகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பெண்களின் கையில் இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கூழ்ச்சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அம்மா விளக்குமாறால் என் முதுகில் விளாசினார். அந்தச் சட்டிக்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. அடுத்த தரமும் நார் நின்றால் அதற்குப் பிறகு இன்னொரு தரம் அப்புவின் உடம்பு தாங்காது என்பதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு வேறு பாஷை கிடைக்கவில்லை.

அடி ஓய்ந்தபின் அம்மா நிலத்தில் இருந்து மூச்சு வாங்கினார். "அப்ப ஒண்டும் குடுக்கக்கூடாதோ? ஒரு சொட்டும்?"

"காலமை இளநீர் மட்டும் குடுக்கலாமெண்டு இண்டைக்கு டொக்டர் சொன்னவர். கஞ்சியும் துணியாலை வடிச்சால் குடுக்கலாம்."

"இளநீர் வயித்திலை நிக்குமோ?"

"நிக்கும்."

"செத்தாலும் நிக்குமோ?"

"நிக்கும் அம்மா," என்றேன். பௌதிகவியலில் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இரண்டாம் தரம் ஆமணக்கெண்ணெய் கொடுத்த அன்று, அது வேலை செய்யத் தொடங்கிய பின்னேரம் ஷெல்லடியும் தொடங்கியது. பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து குத்துகிற சத்தம் கேட்கும். பிறகு தலைக்கு மேல் சீறும். பிறகு நிலம் உதறும். நானும் அம்மாவும் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் விழுந்தோம். அப்பு வளவின் பின்மூலையில் கிடுகு மறைப்புக் கக்கூசில் இருந்தார்.

"வாங்கோப்பா! பங்கருக்கை வாங்கோ!" அம்மாவின் குரல் கிழிந்தது.

"வரமாட்டன்! நான் உதுக்கை வந்தால் ஷெல் விழாமலே எல்லாரும் சாவியள்!"

அடுத்தது பக்கத்து வளவில் விழுந்தது. பங்கரின் மண்மூட்டை ஒன்று வெடித்து என் வாயெல்லாம் மண். காது அடைத்த அமைதியில் அம்மாவின் வாய் திறந்து திறந்து மூடியது. நான் வெளியே ஏறி ஓடினேன். கக்கூசின் கிடுகு முழுதும் பறந்துவிட்டது. நாலு கம்புகளுக்கு நடுவில் அப்பு குந்தியிருந்தார். புகைக்குள்ளிருந்து என்னைக் கண்டதும் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். "போடி அங்காலை! பாக்காதை!"

வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுக்காரி குழறினாள். அவளுடைய ஆடு இரண்டாகக் கிடந்தது. அதன் குடல் வேலிக் கதியாலில் சுற்றி, ஆவி பறக்கத் தொங்கியது. அப்பு சாரத்தை முடிந்துகொண்டு வேலியடிக்கு வந்து அதைக் கனநேரம் பார்த்தார்.

"இதைப் பாக்க ஒரு லைற்றும் தேவைப்படேல்லை," என்றார்.

மறுநாள் அப்புவுக்கு நடக்கவே பலமில்லை. அம்மா படலையில் வழிமறித்து நின்று, செவ்விளநீர் ஒன்றை வெட்டி, கடைசிச் சொட்டு வரை குடிக்கவைத்தார். வழுக்கையைத் தோண்டி எடுத்து என் கண்ணுக்கு முன்னாலேயே கோழிக்கு எறிந்தார். "பாத்தியோ? பிறகு என்னைச் சொல்லாதை," என்றார்.

அதே அறை, அதே சீலை. உழக்கத் தொடங்கினேன். லைற் மங்கலாகச் சிவந்தது. டொக்டர் குழாயில் கண்ணை வைத்தார். "இப்ப துப்பரவா இருக்கு," என்றார். "இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போறன்... அப்பு, மூச்சை விடுங்கோ... இரத்தம் மேலையிருந்து வருது."

அப்போது பொம்மர் விமானம் வந்தது. முதலில் தொலைவில் இரைச்சல். பிறகு அது குத்தென்று கீழே இறங்கும்போது வருகிற அந்த ஊளை. விறாந்தையில் சனம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தது. காயக்காரர்கள் சேலைன் போத்தலோடு கட்டிலுக்குக் கீழே உருண்டார்கள். தாதி சுவரோடு படுத்துவிட்டாள். முதற்குண்டு விழுந்ததும் யன்னல் கண்ணாடி முழுதும் அறைக்குள் கொட்டியது. என் முன்கையில் ஒரு துண்டு ஏறி நின்றது.

"பிள்ளை, இறங்கிப் படு!" என்று டொக்டர் கத்தினார். அவர் படுக்கவில்லை. குழாய் உள்ளே இருந்தது.

என் கால் நின்றது. லைற் செத்தது.

சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குனிந்த நிலையிலேயே, அப்பு கர்ச்சித்தார்.

"உழக்கடி! ஏன்டி நிப்பாட்டினாய்? உழக்கு! நிப்பாட்டினால் திரும்பவும் எனக்கு ஆமணக்கெண்ணெய் பருக்குவாங்களடி!"

சாரத்தில் இரத்தம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு என் காது இரைய அறைந்தவர் அவர். நான் உழக்கினேன். பயத்தில் கால் தன்பாட்டில் பறக்கப் பார்த்தது. லைற் வெளிறி வெள்ளையாயிற்று. பல்லைக் கடித்துக் காலைப் பிடித்து இழுத்தேன். திரும்பச் சிவந்தது. பொம்மர் இரண்டாம் தரம் குத்தியது. கூரையிலிருந்து ஓடுகள் சரிந்தன. சைக்கிள் ஸ்ராண்டோடு ஆடியது. என் கையிலிருந்து வடிந்த இரத்தம் ஹாண்டிலில் வழுக்கியது. அந்தச் சிவப்பு வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கூடக்கூடாது, குறையக்கூடாது. உலகத்தில் வேறு ஒன்றும் எனக்கு அப்போது தெரியாது.

"கண்டிட்டன்," என்றார் டொக்டர். மிகவும் மெதுவாகச் சொன்னார். "குழாய் முடியிற இடத்திலை நிக்குது. கோழிமுட்டை அளவு. கொழும்பு வேண்டாம்."

"என்னவாம்?" என்றார் அப்பு.

"இஞ்சையே வெட்டலாமாம் அப்பு."

"வெட்டட்டும். முதல் உந்த இரும்பை இழுக்கச் சொல்லு."

வெட்டினார்கள். என் வகை இரத்தம் அவருக்குச் சரிவந்ததால் என்னிடமிருந்தும் எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் மயக்க மருந்து தீர்ந்து, கடைசித் தையல்களுக்கு அப்பு விழித்துவிட்டார். அவர் திட்டிய வார்த்தைகளைத் தியேட்டரில் நின்றவர்கள் பிறகு பல நாள் சொல்லிச் சிரித்தார்கள். மலம் வெளியே வர வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு வாசல் வைத்து, அதன்மேல் கட்டுவதற்குப் பை இல்லாததால் சீனி வாங்கும் பொலித்தீன் பையைக் கட்டினார்கள். அப்பு அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டிலில் கால் போன பெடியன் அழுதபோது, சாரத்தை விலக்கிக் காட்டி, "எனக்கு ரெண்டு வாசலடா தம்பி, ஒண்டு தரட்டோ?" என்று கேட்டார்.

அம்மா ஒவ்வொரு காலமையும் தூக்குச்சட்டியோடு வந்து விறாந்தையில் குந்தியிருப்பார். டொக்டர் கடந்து போகும்போதெல்லாம், "இண்டைக்குக் குடுக்கலாமோ ஐயா?" என்று கேட்பார். "இண்டைக்கில்லை அம்மா" என்பார் அவர். தூரத்தில் ஷெல் விழும்போதெல்லாம் அம்மா சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். மனிசன் வெறுவயித்தோடை கிடக்கிறார் என்று என்னைப் பார்த்து முணுமுணுப்பார்.

கடைசியாக ஒருநாள் டொக்டர் தலையாட்டினார். "குடுங்கோ. தண்ணியா, கொஞ்சமா."

அம்மா மூடியைத் திறந்தார். ஒடியல்கூழ். நான் வாய் திறக்கமுன், அவர் மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து டொக்டருக்கு முன்னால் விரித்தார். தன் பழைய சேலைத் துண்டு. அதில் கூழிலிருந்து வடித்தெடுத்த நார், தும்பு தும்பாக, ஒரு கைப்பிடி இருந்தது.

"எல்லாம் இதுக்கை இருக்கு ஐயா. நாலு தரம் வடிச்சனான். எண்ணிப் பாருங்கோ."

டொக்டர் குனிந்து உண்மையாகவே பார்த்தார். பிறகு கையைக் கழுவப் போய்விட்டார்.

அம்மா முதற்கரண்டியைத் தீத்தினார். அப்பு வாயில் வைத்துச் சுழற்றி விழுங்கிவிட்டு முகத்தைச் சுழித்தார்.

"உது கூழோ? கழனித்தண்ணி."

"விழுங்குங்கோப்பா," என்றார் அம்மா. வெளியே திரும்பவும் குத்துகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கரண்டியைக் கோலிக்கொண்டிருந்தார்.